பழ ஈயின் படத்துக்குக் கீழே எந்தப் பெயரை எழுதுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த, மாவில் பழ ஈயைக் கட்டுப்படுத்துவது பற்றிய கட்டுரை காலத்துக்கு ஏற்றது. உதிர்ந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி ஆழமாகப் புதைப்பது, மரத்தடி மண்ணைக் கிளறிக் கூட்டுப்புழுக்களை வெயிலில் காயவிடுவது, ஆண் ஈக்களை மணத்தால் இழுக்கும் மீத்தைல் யூஜினால் என்ற பொருளை வைத்துப் பொறி கட்டுவது என அதில் சொல்லப்பட்ட எதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கட்டுரைக்கு நடுவே பெரிதாக அச்சாகி, ‘மாவைத் தாக்கும் பழ ஈ’ என்ற குறிப்போடு இருந்த வண்ணப்படம் மாவைத் தாக்கும் ஈயின் படம் அன்று. அது பாகல், புடலை, பீர்க்கன், பூசணி ஆகிய கொடிக்காய்களில் முட்டையிடும் வேறோர் இனம். கட்டுரையைப் படித்தவர்களில் பலர் அந்தப் படத்தைக் கைபேசியில் எடுத்து ஊர் விவசாயிகள் குழுக்களில் பகிர்ந்துவிட்டார்கள். எழுத்தைவிடப் படமே வேகமாகப் பரவும் என்பதால்தான் இதைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

அந்தப் படத்தை இன்னொரு முறை பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஈயின் மார்பு முதுகில் மூன்று மஞ்சள் கோடுகள் இருக்கின்றன: பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, நடுவில் ஒன்று. இறக்கையின் முன்விளிம்பை ஒட்டி ஓடும் பழுப்புப் பட்டை நுனியில் பெரிய புள்ளியாக அகன்றிருக்கிறது; அதோடு, இறக்கையின் பின்பாதியில் உள்ள குறுக்கு நரம்பின் மேலும் பழுப்புக் கறை படிந்திருக்கிறது. இவை ஜூகோடேக்கஸ் குக்குர்பிட்டே என்ற கொடிக்காய் ஈயின் அடையாளங்கள். மாவில் நாம் அதிகம் காணும் பாக்ட்ரோசெரா டார்சாலிஸ் என்ற ஈக்கு நடுக்கோடு கிடையாது. பக்கக் கோடுகள் இரண்டு மட்டுமே. அதன் இறக்கையில் விளிம்பை ஒட்டிய மெல்லிய பட்டை நுனிவரை ஒரே சீராகச் செல்லும். குறுக்கு நரம்பில் கறை இருக்காது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுள்ளவை, இரண்டின் மார்பின் பின்முனையிலும் மஞ்சள் தகடு உண்டு, இரண்டும் தூரத்துப் பார்வைக்குச் சிறு குளவிபோலத் தோன்றும். ஆகவே படத்தைத் தேர்ந்தெடுத்தவர் குழம்பியதில் வியப்பில்லை.

இந்தக் குழப்பத்தின் விலையைக் கொடுப்பவர் விவசாயி. இத்தகைய மணப் பொறிகள் ஆண் ஈக்களை மட்டுமே இழுப்பவை. எந்த ஆண் எந்த மணத்துக்கு வரும் என்பது இனத்துக்கு இனம் வேறுபடும். மாவிலும் கொய்யாவிலும் உள்ள முக்கிய இனங்களின் ஆண்கள் மீத்தைல் யூஜினாலுக்கு வருகின்றன. கொடிக்காய் ஈயின் ஆண்கள் அதற்கு வருவதில்லை. அவற்றுக்குக் கியூலூர் என்ற வேறு கவர்ச்சிப் பொருள் வேண்டும். படத்தில் பார்த்த ஈயையே தன் பாகல் பந்தலிலும் கண்ட ஒருவர், கட்டுரையில் சொன்னபடி மீத்தைல் யூஜினால் பொறியை வாங்கிப் பந்தலில் கட்டினால் என்ன நடக்கும்? பக்கத்துத் தோப்பிலிருந்து வரும் மா ஈக்கள் பொறியில் விழும். பொறி நிறைவதைப் பார்த்து அவர் நிம்மதியடைவார். பந்தலில் உள்ள ஈக்களோ பிஞ்சுகளில் தடையின்றி முட்டையிட்டுக்கொண்டிருக்கும். காய்கள் கோணலாகி வெம்பி உதிரத் தொடங்கிய பிறகு, பொறியே பயனற்றது என்று முடிவு கட்டி, அறுவடைக்குச் சில நாள் முன்பு மருந்தடிப்பார். அந்தக் காயை வாங்கிச் சாப்பிடுபவர்களையும் இது பாதிக்கிறது.

மணத்தைக் கொண்டு பழ ஈயைப் பிடிக்கும் இந்த முறையின் தொடக்கமே நம் நாட்டில்தான். பீகார் மாநிலம் பூசாவில் பணியாற்றிய ஹௌலெட் என்ற பூச்சியியலர், சிட்ரோனெல்லா எண்ணெய்க்குப் பழ ஈக்கள் வருவதை 1912இல் எழுதினார். 1915இல் வெளியிட்ட ஆய்வில் மீத்தைல் யூஜினாலின் ஈர்ப்பைச் சொன்னார். துளசியிலும் மீத்தைல் யூஜினால் இருக்கிறது என்பதால் துளசிச் செடியைச் சுற்றி ஆண் ஈக்கள் மொய்ப்பதை இன்றும் காணலாம். எந்த ஈ எந்த மணத்துக்கு வரும் என்ற இத்தனை ஆண்டு அறிவும், ஈயின் பெயரைச் சரியாகச் சொன்னால்தான் நமக்குப் பயன்படும்.

கொடிக்காய் ஈயையும் மா ஈயையும் பிரிப்பது எளிது. முதுகு தெரியும் ஒரு நல்ல படம் போதும். மாவிலும் கொய்யாவிலும் ஒன்றாகவே காணப்படும் ஈக்களைத் தங்களுக்குள் பிரிப்பதுதான் கடினம். டார்சாலிஸ், ஜோனேட்டா, கரெக்டா என்ற மூன்று இனங்களும் ஒரே தோப்பில், சில வேளை ஒரே பொறியில் கிடைக்கும். ஜோனேட்டாவின் மார்பு செம்பழுப்பு நிறம். மற்ற இரண்டிலும் பெரும்பாலும் கறுப்பு. ஆனால் டார்சாலிஸின் இறக்கையில் முழுதாக ஓடும் விளிம்புப் பட்டை, ஜோனேட்டாவிலும் கரெக்டாவிலும் நடுவில் அறுந்து, நுனியில் ஒரு சிறு கரும்புள்ளி மட்டும் தனியாக நிற்கும். ஆகவே இறக்கை நுனி தெளிவாக விழுந்த படத்தில் டார்சாலிஸை ஒதுக்கிவிடலாம். மிஞ்சும் இரண்டைப் பிரிக்க முகத்தைப் பார்க்க வேண்டும். உணர்கொம்புகளுக்குக் கீழே, மஞ்சள் முகத்தில் பக்கத்துக்கு ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். ஜோனேட்டாவில் அவை தனித்தனிப் புள்ளிகள். கரெக்டாவில் அவை குறுக்குவாட்டில் நீண்டு ஒன்றையொன்று நெருங்கி, கிட்டத்தட்ட ஒரே கோடாகத் தெரியும். கைலென்ஸ் வைத்துப் பார்த்தவர்கள் இந்த வேறுபாட்டை மறக்க மாட்டார்கள். ஆனால் நமக்கு வரும் படங்களில் ஈயின் முகம் தெரிவது அரிது. எல்லோரும் முதுகுப்புறத்தையே எடுக்கிறார்கள்.

இன்னொரு தவறான பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ‘வயிற்றில் ஆங்கில டி எழுத்துப் போன்ற கறுப்புக் குறி இருந்தால் அது டார்சாலிஸ்’ என்று துண்டறிக்கைகளிலும் பயிற்சி வகுப்புகளிலும் கூறப்படுகிறது. டார்சாலிஸில் அந்தக் குறி இருப்பது உண்மைதான். ஆனால் கரெக்டாவிலும் அது உண்டு. தென்னிந்தியாவில் உள்ள கேரியே என்ற நெருங்கிய இனத்திலும் வயிற்றுக் குறி உண்டு. கேரியேயைப் பிரித்தறிய உதவுவது அதன் கால்கள்: தொடைப் பகுதியில் பெரிய கருமை படர்ந்திருக்கும். முதுகுப் படத்தில் தொடை தெரியாது. மாறாக, மிளகாய், கத்தரி வகைச் செடிகளின் காய்களில் வரும் லேட்டிஃப்ரான்ஸ் என்ற இனத்தின் வயிற்றில் டி குறி கிடையாது. அது மீத்தைல் யூஜினாலுக்கும் வராது, கியூலூருக்கும் வராது. ஒரே ஓர் அடையாளத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு எல்லாப் படத்துக்கும் பெயர் சூட்டினால் இவை அனைத்தும் ஒரே பெயருக்குள் போய்விடும்.

நிறத்தை நம்புவதில் உள்ள இடர் இவ்வளவோடு முடிவதில்லை. இந்தத் துறையின் தலைசிறந்த வல்லுநர்களையே நிறம் பல ஆண்டுகள் அலைக்கழித்திருக்கிறது. டார்சாலிஸை 1912இல் தைவானிலிருந்து வந்த மாதிரிகளைக் கொண்டு ஹெண்டல் என்பவர் விவரித்தார். அதன்பின் டார்சாலிஸ் கூட்டம் என்ற தலைப்பில் எழுபதுக்கும் மேற்பட்ட நெருங்கிய இனங்கள் சேர்க்கப்பட்டன. 1994இல் ட்ரூ, ஹான்காக் என்ற இருவர் பப்பாயே, ஃபிலிப்பினென்சிஸ், கேரம்போலே முதலிய பல இனங்களைப் புதிதாகப் பெயரிட்டார்கள். கண்டி நகரின் பெயர் கொண்ட இலங்கை இனமான கண்டியென்சிஸும் அவற்றில் ஒன்று. 2003இல் கென்யாவில் மாவைத் தாக்கும் ஓர் ஈ புதிதாகக் கண்டறியப்பட்டது; அதே வகை ஈக்கள் இலங்கையிலும் இருந்தன. அவற்றின் மார்பு நிறம் வெளிறிய பழுப்பிலிருந்து முழுக் கறுப்புவரை பலவாறாக மாறியதால், அதை வேறோர் இனமாகக் கருதி 2005இல் இன்வேடன்ஸ் என்று பெயரிட்டார்கள். ஆப்பிரிக்காவின் மா ஏற்றுமதி அந்தப் பெயரால் பெரும் பாதிப்புக்கு உள்ளானது. பிறகு பல நாட்டு ஆய்வாளர்கள் ஒன்றுகூடி உடலமைப்பு, மரபணு, இனச்சேர்க்கை, ஆண் ஈ வெளியிடும் மணப்பொருள் என ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்ததில், பப்பாயே, ஃபிலிப்பினென்சிஸ், இன்வேடன்ஸ் மூன்றும் டார்சாலிஸேதான் என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்த முடிவு 2015இல் இதழில் வெளியானது. கேரம்போலே மட்டும் தனி இனமாக நீடிக்கிறது. உயிருள்ள ஈக்களும் ஆய்வுக்கூடமும் கையில் இருந்தவர்களுக்கே இத்தனை ஆண்டு பிடித்தது என்றால், கைபேசிப் படத்தில் தெரியும் நிறத்தை வைத்து ஒரு நிமிடத்தில் தீர்ப்புச் சொல்வதில் எவ்வளவு நிதானம் வேண்டும் என்பதைத் தங்கள் வாசகர்கள் உணர்வார்கள்.

ஒரே இனத்துக்குள்ளும் நிறம் நிலையாக இருப்பதில்லை. கூட்டைவிட்டு அன்றுதான் வெளிவந்த ஈ வெளிறி இருக்கும். கோடுகளும் குறிகளும் பதியச் சில நாள் ஆகும். செத்துக் காய்ந்த ஈயில் மஞ்சள் கோடு பழுப்பாக மங்கிவிடும். பொறிக்குள் கிடந்த ஈ எண்ணெய் ஊறிக் கருத்துப்போய், காலும் இறக்கையும் ஒடிந்திருக்கும். அதன்மேல் கைபேசியின் ஃபிளாஷ் வெளிச்சம் பட்டால், பளபளக்கும் முதுகில் இல்லாத வெள்ளைக் கோடு ஒன்று படத்தில் விழும். கைபேசி தானாகவே நிறத்தைக் கூட்டிக் காட்டுவதும் உண்டு. இந்தக் காரணங்களால், இறக்கையின் பட்டை, முகத்தின் புள்ளி, தொடையின் கருமை போன்ற இடம் மாறாத அடையாளங்களை முதலிலும் மார்பின் பொதுநிறத்தைக் கடைசியிலும் பார்ப்பதே சரியான வரிசை.

பழத்துக்குள் நெளியும் வெள்ளைப் புழுவைப் படமெடுத்து, இது எந்த ஈயின் புழு என்று கேட்பவர்களும் நிறைய இருக்கிறார்கள். சாதாரணப் படத்திலிருந்து அதற்கு விடை சொல்ல இயலாது. புழுவின் வாய்க்கொக்கியையும் சுவாசத் துளைகளையும் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், அல்லது மரபணுச் சோதனைக்குப் போக வேண்டும். டார்சாலிஸ் கூட்டத்தில் சில இனங்களுக்கு, வழக்கமாகச் செய்யப்படும் ஒற்றை மரபணுச் சோதனையும் தெளிவான விடை தருவதில்லை.

கைபேசிச் செயலிகள் படத்தைக் காட்டியவுடன் பெயரைச் சொல்லிவிடுகின்றனவே என்று கேட்கலாம். செயலிகள் முற்றிலும் பயனற்றவை என்பது என் வாதம் அன்று; பூவில் உட்கார்ந்திருப்பது ஈயா, தேனீயா, குளவியா என்ற அளவில் அவை பெரும்பாலும் உதவுகின்றன. ஆனால் செயலி தனக்குக் காட்டப்பட்ட பழைய படங்களோடு புதிய படத்தை ஒப்பிட்டே பெயர் சொல்கிறது. எந்த இனத்துக்குப் படம் அதிகமோ அந்த இனத்தின் பெயரே முன்னால் வரும் வாய்ப்பு அதிகம். படமே இல்லாத இனம் அதன் விடையில் வராது. ‘முகம் தெரியவில்லை, இன்னொரு படம் எடுத்து வாருங்கள்’ என்று அது கேட்பதும் இல்லை. அனுபவமுள்ள பூச்சியியலர் முதலில் கேட்பதே அதைத்தான்.

நன்மை செய்யும் ஈக்களும் இந்த அவசரத்துக்குப் பலியாகின்றன. மஞ்சளும் கறுப்புமாக வயிற்றில் பட்டைகள் கொண்ட, பூவின்மேல் அந்தரத்தில் நின்று பறக்கும் மிதப்பு ஈக்களை ‘பழ ஈ வந்துவிட்டது’ என்ற குறிப்போடு குழுக்களில் போடுகிறார்கள். இவற்றில் பல இனங்களின் புழுக்கள் அசுவினியைத் தின்று பயிரைக் காப்பவை; இந்தியாவில் பரவலாகக் காணப்படும் இஸ்கியோடான் ஸ்குட்டெல்லாரிஸ் அவற்றில் ஒன்று. அவற்றின் இறக்கையை உற்றுப் பார்த்தால், நடுப்பகுதியில் மற்ற நரம்புகளோடு சேராமல் தனித்து ஓடும் ஒரு பொய் நரம்பு தெரியும். பழ ஈயின் இறக்கையில் அது கிடையாது. பெண் பழ ஈயின் வயிற்று முனையில் முட்டையிடும் கூரிய குழல் நீண்டிருக்கும். மிதப்பு ஈயில் அதுவும் கிடையாது. இந்த இரண்டில் ஒன்று தெரிந்தாலும் படத்துக்குத் தவறான பெயர் விழாது.

மாத்தோப்பில் டார்சாலிஸ் இருந்தால் என்ன, ஜோனேட்டா இருந்தால் என்ன, பொறியும் சுத்தமும் ஒன்றுதானே என்று ஒரு விவசாயி கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. தோப்பில் செய்ய வேண்டிய வேலைக்கு ‘மீத்தைல் யூஜினாலுக்கு வரும் பாக்ட்ரோசெரா பழ ஈ’ என்ற, இந்த இனங்களுக்கெல்லாம் பொதுவான பெயரே போதும். முதுகுப் படம் ஒன்று மட்டும் கையில் இருக்கும்போது அந்த அளவோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. இனப்பெயரைச் சேர்த்தால் தகவல் கூடியதாகத் தோன்றும், ஆனால் அதற்குப் படத்தில் ஆதாரம் இருக்காது. ஏற்றுமதி என்று வரும்போது நிலைமை வேறு. இறக்குமதி செய்யும் நாடுகள் தங்கள் மண்ணில் இல்லாத இனங்களைப் பெயர் குறித்தே தடுக்கின்றன. 2013ஆம் ஆண்டில் ஐரோப்பாவுக்குப் போன இந்தியக் காய்கனிச் சரக்குகளில் 207இல் பழ ஈ உள்ளிட்ட பூச்சிகள் காணப்பட்டதால், 2014 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் நம் மாம்பழத்தோடு கத்தரி, சேம்பு, பாகல், புடலை ஆகியவற்றையும் தடை செய்தது. மாம்பழத்தின் மீதான தடை 2015 ஜனவரியில்தான் நீங்கியது. அத்தகைய இடங்களில் இனப்பெயர் தேவை. அந்தப் பெயர் படத்திலிருந்து அல்லாமல், பாதுகாத்து வைத்த ஈயிலிருந்தே வர வேண்டும்.

படம் எடுத்து அனுப்ப விரும்பும் விவசாயிகளுக்காகச் சில நடைமுறைச் செய்திகளைத் தங்கள் பக்கத்தின் வழியே சொல்ல விரும்புகிறேன். ஈயைக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபனி அறையில் சிறிது நேரம் வைத்தால் அசையாமல் இருக்கும். அதை வெள்ளைத் தாளில் வைத்து, நேரடி வெயிலோ ஃபிளாஷோ இல்லாத பகல் வெளிச்சத்தில், மேலிருந்து நேராக ஒரு படம், முகத்துக்கு நேராக ஒரு படம், கால்களும் பக்கக் கோடுகளும் தெரியப் பக்கவாட்டில் ஒரு படம் எடுக்க வேண்டும். ஓர் இறக்கையை மெல்ல விரித்து, தாளின் வெண்மை பின்னணியாகத் தெரியும்படி அதன் நுனிவரை தனியே எடுத்தால் பாதிக் கேள்விகளுக்கு அங்கேயே விடை கிடைக்கும். அளவு தெரிய அருகில் ஒரு அளவுகோலை வைக்கலாம். எந்தப் பயிரில், எந்த ஊரில், எந்தத் தேதியில் கிடைத்தது, பொறியில் விழுந்ததென்றால் எந்தக் கவர்ச்சிப் பொருள் என்ற குறிப்பு, படத்துக்கு நிகரான சான்று. பொறியில் விழுந்த ஈ அந்தப் பழத்தில்தான் வளர்ந்தது என்று சொல்ல முடியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பழத்தைத் தாக்கியது எது என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால், புழு விழுந்த பழத்தை ஈர மணல் பரப்பிய வாளியில் வைத்து, வாயை மெல்லிய துணியால் கட்டிவிடலாம். புழுக்கள் மணலில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, நம் வெப்பநிலையில் ஒன்றிரண்டு வாரங்களில் ஈயாக வெளிவரும். வெளிவந்த ஈக்களை உடனே கொன்றுவிடாமல், சர்க்கரை நீரில் நனைத்த பஞ்சைக் கொடுத்து மூன்று நான்கு நாள் உயிரோடு வைத்திருந்தால்தான் மார்பின் நிறமும் கோடுகளும் முழுமையாகப் பதியும். இப்படி வளர்த்த ஈக்கள் சிலவற்றை ஆல்கஹாலில் இட்டு, குறிப்போடு பத்திரப்படுத்த வேண்டும். படத்தைப் பார்த்துச் சந்தேகம் எழுந்தால் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறையிலோ, பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள அமைப்பகத்திலோ காட்டுவதற்கு அந்த ஈக்கள் கையில் இருக்கும்.

தங்கள் வேளாண் பக்கத்தில் அடுத்த முறை இடம் ஒதுக்கும்போது, அந்தப் படம் கொடிக்காய் ஈயின் படம் என்ற திருத்தத்தையும், டார்சாலிஸின் முதுகு, இறக்கை, முகம் மூன்றும் தெரியும் படங்களையும் கொடிக்காய் ஈயின் அதே மூன்று படங்களோடு பக்கம் பக்கமாக வெளியிடுமாறு வேண்டுகிறேன். இணையப் பதிப்பில் அந்தக் கட்டுரை இன்னும் பழைய படத்தோடே இருக்கிறது. அங்கேயும் படத்தை மாற்ற வேண்டும். இனி வெளியாகும் ஒவ்வொரு பூச்சிப் படத்துக்குக் கீழேயும், அது எந்தப் பயிரில், எங்கே எடுக்கப்பட்டது, பெயரை உறுதி செய்தவர் யார் என்ற ஒரு வரி இடம்பெற்றால், பந்தலில் எந்தப் பொறியைக் கட்டுவது என்று தங்கள் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யும் விவசாயிகளுக்கு அது மிகவும் உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.